கவிச்சி ஏறாத வீடு

மீன்காரி வீட்டில் மீன் வாசமே கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் அந்த மீன்காரி என்னதான் செய்வாள்? தனக்கொடி ஒன்பது மாதமாக அந்தச் சட்டத்துக்குள்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்னால் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுப்பாள். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து தொண்டை வறள விற்பாள். வெயில் தலைக்கு மேல் ஏறின பிறகு வம்பாகீரப்பாளையத்துக்குத் திரும்புவாள். கூடையும் அரிவாள்மணையும் அவளோடு வியாபாரம் செய்யும் சின்னக்கண்ணு வீட்டிலேயே தங்கிவிடும். வாசலுக்கு வெளியே ஓலைத் தட்டி மறைப்பில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மீன் புடவையை வெளிக்கொடியிலேயே போட்டுவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டுதான் நிலைப்படியைத் தாண்ட வேண்டும். அப்படித் தாண்டியும் மாமியார் அங்கம்மாள் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிப் பார்ப்பாள். கண்ணு போச்சு, காது போச்சு, இந்தக் கிழவிக்கு மூக்கு மட்டும் போகமாட்டேன் என்கிறதே என்று தனக்கொடி மனசுக்குள் பொருமிக்கொள்வாள்.

எல்லாம் ஒரு வேண்டுதலால் வந்தது. எண்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசி மாதம், கடல் நிலைகொள்ளாமல் இருந்த ஒரு காலை நேரம். தனக்கொடியின் புருஷன் காத்தவராயன் கட்டுமரத்தைக் கரை சேர்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த அலை மரத்தைத் தூக்கி அவன் முதுகிலேயே போட்டது. முதுகுத்தண்டு நொறுங்கிவிட்டது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. அவனைக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன கையோடு, அங்கம்மாள் குப்பத்து அம்மன் கோயிலில் ஈரப்புடவையோடு போய் விழுந்தாள்.

"எம் புள்ள எந்திரிச்சி நடக்கிற வரைக்கும் எங்க வூட்டுல கவிச்சி ஏறாது தாயே. மீனு, கருவாடு, கறி, முட்ட ஒண்ணும் ஏறாது."

தனக்கு மட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கலாம். பெத்த வயிறு அதோடு நிற்குமா? வீட்டையே சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். குப்பமே நின்று கேட்டது. கடலில் பிழைக்கிறவர்கள் வாயைத் திறந்து அம்மனிடம் ஒரு வார்த்தை விட்டால் அது விட்டதுதான். அதற்கு அப்புறம் மருமகள் மூக்கால் அழுது என்ன ஆகப்போகிறது. பத்து வயசுப் பெண் வரலட்சுமியை மட்டும் முதலியார்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பி வைத்தாள் தனக்கொடி. அதுவாவது நாலு மீன் தின்று வளரட்டும் என்று நினைத்தாள்.

காத்தவராயன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஆளு ஆளாகத்தான் இருந்தான். கையில் துடுப்புப் போட்ட பலம் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து ரசஞ்சோறும் கஞ்சியுமாகப் போன சில மாதத்தில் அந்தக் கையே கழிபோல ஆகிவிட்டது. அப்புறம் முதுகுக்குக் கீழே, வாலெலும்புக்கு மேலே, ஒரு சிவப்பு வந்தது. சிவப்பு கொப்புளமாச்சு, கொப்புளம் உடைந்து புண்ணாச்சு, புண் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளமாச்சு. அவனுக்கு வலி கிடையாது. வலி எல்லாம் பார்க்கிறவளுக்குத்தான். ஒருக்களித்துப் போடு, கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கம் திருப்பு, துணியை மாற்று, கொதிக்கவைத்த துணியால் புண்ணைத் துடை, மருந்து வை. பகலில் அங்கம்மாள் பார்த்துக்கொண்டாள். மற்ற நேரமெல்லாம் தனக்கொடி. மார்க்கெட்டில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்து, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டு அம்மா ஒருத்தி வஞ்சிரத்துக்கு விலை கேட்டதற்கு "திருப்பிப் போடணும்" என்று உளறினாள். பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் சிரித்தார்கள். தனக்கொடியும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் உடம்பு முன்னைவிட அசதியாக இருந்தது.

இந்த மனுஷன் தண்ணீரும் குடிக்கமாட்டான். சொம்பை நீட்டினால் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

"குடிய்யா. மூத்திரம் மஞ்சளாப் போவுது, காய்ச்சல் வந்துடும்னு சொன்னாங்க இல்ல."

"குடிச்சா யாருக்கு வேல? உனக்குத்தான். போதும், வச்சிட்டுப் போ."

அவள் வேலையைக் குறைக்கிறேன் என்று அவன் வாயைக் கட்டினான். அதனால் அவளுக்கு வேலை கூடியதுதான் மிச்சம். இதையெல்லாம் அவனுக்கு எடுத்துச் சொல்லிப் புரிய வைக்கவும் தனக்கொடிக்குத் தெம்பு இல்லை.

ஆடி மாதம் பிறந்த வாரத்தில் அவனைக் கோரிமேட்டுக்குக் கூட்டிப்போனாள். சின்னக்கண்ணுவின் தம்பி மீன் ஏற்றுகிற டெம்போவைக் கழுவி, வைக்கோல் பரப்பி, மேலே ஒரு பாயைப் போட்டுக் கொடுத்தான். அங்கே புண்ணைப் பார்த்தது கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா. வெளியூர் பஸ்களில் வந்து இறங்கின கூட்டம் வராந்தா முழுக்க உட்கார்ந்திருக்க, அந்த அம்மாளுக்கும் முகத்தில் ரத்தமில்லை. துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத் தனக்கொடி பக்கம் திரும்பினார்.

"வீட்டுல என்னம்மா சாப்பிடறாரு?"

"கஞ்சி. ரசஞ்சோறு. கீர கெடைச்சா கீர."

"பருப்பு, பால்?"

"போன தடவ சொன்னீங்கன்னு ரெண்டும் குடுத்துப் பாத்தேங்க. வயிறு உப்பிக்கிது. வெளியப் போறதே நின்னுபூடுது. துன்னமாட்டேன்னு தள்ளிடுறாரு."

"முட்டை, மீன்?"

தனக்கொடி தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா அவள் புடவையைப் பார்த்தார். என்ன தேய்த்துக் குளித்தாலும் போகாத வாசம் ஒன்று உண்டு.

"நீங்க மீன் விக்கிறவங்கதானே? ஊருக்கெல்லாம் மீன் கொடுத்துட்டு இவருக்கு ரசம் ஊத்தறீங்களா?"

தனக்கொடி வேண்டுதலைச் சொன்னாள். டாக்டரம்மா சிரிப்பாரோ திட்டுவாரோ என்று நினைத்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. அவளை வராந்தா ஓரத்துக்குத் தனியே கூட்டிப்போனார்.

"இதோ பாரும்மா. உடம்புல இருக்கிற சத்து அந்தப் புண்ணு வழியா தினம் ஒழுகிக்கிட்டே இருக்கு. ஒழுகறதைவிட அதிகமா உள்ளே போனாத்தான் சதை வளரும். நான் வைக்கிற மருந்து புண்ணு கெட்டுப்போகாம பாத்துக்கும், அவ்வளவுதான். சதையை மருந்து வளர்க்காது, சோறுதான் வளர்க்கும். மீன், முட்டை, நிறைய தண்ணி. இது ஆறினாத்தான் உட்காரவே வைக்க முடியும். உட்கார்ந்துட்டா இங்கயே வச்சிருந்து சக்கர நாற்காலி பழக்கலாம். கையால வேலை செய்யலாம்."

"அப்பறம் நடப்பாருங்களா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இல்லம்மா. நடக்க மாட்டாரு. உள்ளே நரம்பு அறுந்துபோச்சு. எந்தச் சாப்பாடும் அதை ஒட்டவைக்காது. நான் உனக்குப் பொய் சொல்லக் கூடாது. ஆனா அந்தப் புண்ணு ஆறும். ஆறாம எலும்புக்குள்ள போயிடுச்சுன்னா மழைக்காலம் தாண்டறது கஷ்டம்."

தனக்கொடி தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்? நடக்கிற வரைக்கும் கவிச்சி கிடையாது என்றால், அவன் நடக்கவே போவதில்லை என்றால், கவிச்சி என்றைக்கும் கிடையாது. மீனை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டுமானால் பெத்தவள் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். தனக்கொடிக்கு வாய் நீளம் என்று மார்க்கெட்டில் பேர். அந்த வாயை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கு விளங்கவில்லை.

டெம்போவில் திரும்பும்போது காத்தவராயன் கேட்டான். "தனியா கூட்டிப்போயி இன்னா சொன்னாங்க?"

"நல்லா துன்னணுமாம்."

"நடக்கிறதப் பத்தி?"

"துன்னாத்தான்யா எல்லாம். கண்ண மூடு, தூசு பறக்குது."

இரண்டு நாள் கழித்து, சின்னக்கண்ணு வீட்டில் அவித்த முட்டை ஒன்றைச் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். அங்கம்மாள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து உரித்து அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அம்மா வேண்டிக்கினு இருக்குது தனம்."

"உங்க அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொற."

"மீனு இல்லாம ஒரு வேள சோறு எறங்காது அதுக்கு. அது ஒம்போது மாசமா ரசத்த குடிச்சிக்கினு கெடக்குது, எதுக்கு? நான் திருட்டுத்தனமா முட்ட துன்னுட்டு, அதனாலயே காலு வராம போயிடுச்சின்னா? எடுத்துக்கினு போ." கொஞ்சம் பொறுத்து, வெட்கப்படுகிறவன் மாதிரிச் சொன்னான். "நேத்து காலு கட்ட விரலு ஆடிச்சி. நீ பாக்கல."

அது வெறும் நரம்பு இழுப்பு, அதை நம்பாதே என்று ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவனை ஒரு அறை விடலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று இருந்தது அவளுக்கு. இரண்டும் செய்யாமல் தட்டி மறைப்புக்குப் போய், அந்த முட்டையைத் தானே தின்றாள். பசி. மார்க்கெட்டில் மீனுக்கு நடுவே உட்கார்ந்து, சின்னக்கண்ணு நீட்டின மீன் துண்டைக்கூட இத்தனை நாள் தொடாதவள், புருஷனுக்குக் கொண்டுவந்ததை நின்றுகொண்டே விழுங்கினாள். விழுங்கிவிட்டு, இப்படியும் ஒரு பொம்பளை உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. புண்ணைத் துடைக்கும்போது பள்ளத்துக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மீனை வெட்டிப் பழகின கைக்கு அது என்ன என்று சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. எலும்பு. தனக்கொடி துணியை வைத்து மூடினாள். எழுந்து நேரே பின்பக்கம் போனாள். அங்கம்மாள் துணி துவைக்கிற கல்லில் மகனுடைய துணிகளைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கிழவியும்தான் எவ்வளவு இளைத்துவிட்டாள். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது.

"அத்த, அந்த வேண்டுதல எடுத்துடு. அவரு மீனு துன்னணும்."

"இன்னாடி, உனக்கு நாக்கு கேக்குதா?"

"கேக்குது. எனக்குக் கேக்கிறது கெடக்கட்டும். புண்ணு எலும்புக்குப் போயிடுச்சி. வரலட்சுமி பொறந்தப்ப, புள்ள பெத்த ஒடம்பு, பச்சப்புண்ணு ஆறணும்னு பால்சுறா நீதான ஆக்கிப் போட்ட? இது புண்ணு இல்லியா?"

"அவன் நடக்கட்டும். நடக்கிற அன்னிக்கி நானே கரையில நின்னு வாங்கியாரேன்."

"அவரு நடக்கமாட்டாரு அத்த."

சொல்லியாகிவிட்டது. அங்கம்மாள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். சொட்டுத் தண்ணீர் வராமல் போன பிறகும் பிழிந்தாள்.

"எவ சொன்னா?"

"டாக்டரம்மா. நரம்பு அறுந்துபோச்சாம்."

"அவளுக்கு இன்னா தெரியும். அம்மனுக்கு மேல அவளா?"

"அம்மன நான் ஒண்ணும் சொல்லல. அவரு நடப்பாருன்னு நாம இப்பிடியே ரசத்த ஊத்திக்கினு ஒக்காந்திருந்தா, மழ முடியறதுக்குள்ள தூக்கிக்கினு போயி மண்ணுல வச்சிடுவோம். நடக்காத புள்ள இருந்தா உனக்கு வேணாமா? செத்தாப் பரவால்லியா?"

ஈரத்துணி பளீரென்று தனக்கொடியின் முகத்தில் வந்து விழுந்தது. அவள் அதை எடுத்துக் கொடியில் போட்டாள். தப்பாகச் சொல்லவில்லை, ஆனாலும் பெத்தவளிடம் சொல்லுகிற பேச்சா அது என்று தன்னையே நொந்துகொண்டாள். அங்கம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடந்தாள். விளக்கு வைத்த பிறகுதான் திரும்பி வந்தாள். சோறு உண்ணவில்லை. மகன் தலைமாட்டில் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மார்க்கெட்டில் தனக்கொடி ஒரு ஓட்டல்காரனோடு விலைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சின்னக்கண்ணு அவள் தொடையில் இடித்தாள். எதிரே அங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது மாதமாக மீன் வந்த பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கெழங்கா மீனை ஒவ்வொன்றாக எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது நேத்து மீனு. இத யாரு தலையில கட்டப் போற?"

"வந்ததும் வராததுமா யாவாரத்த கெடுக்கிறியே, பெரியம்மா" என்றாள் சின்னக்கண்ணு.

அங்கம்மாள் நல்லதாகப் பொறுக்கித் தனியே வைத்தாள். தனக்கொடி அரிவாள்மணையை இழுத்தபோது, கையைத் தட்டிவிட்டுத் தானே உட்கார்ந்து செதில் எடுத்து, குடல் எடுத்து, உப்புப் போட்டு அலசினாள்.

"அம்மன்கிட்ட இன்னா சொன்ன அத்த?" தனக்கொடி மெல்லக் கேட்டாள்.

"அது எனக்கும் அவளுக்கும். நீ கடையப் பாரு."

கடையைப் பார்க்க எங்கே மனசு வரும்? மிச்ச மீனைச் சின்னக்கண்ணு பக்கம் தள்ளிவிட்டு அவளும் பின்னாலேயே ஓடினாள். பழக்கத்தில் தட்டி மறைப்பில் நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போனபோது, அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மிளகாய் போடாமல், பூண்டும் மிளகும் தட்டிப்போட்ட குழம்பு. வீடு முழுக்க மீன் வாசம்.

காத்தவராயன் காய்ச்சல் கண்ணைத் திறந்தான்.

"எந்த வூட்டுல மீனு?"

அங்கம்மாள் குழம்பை இறக்கினாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்தான். பக்கத்து வீட்டு வாசம் இப்படிச் சூடாக வராது என்பது அவனுக்குத் தெரியாதா? அங்கம்மாள் தட்டோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழையப் பிசைந்த சோறு, மேலே வெள்ளை வெளேரென்று மீன் சதை. அவன் தட்டைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு தனக்கொடியைப் பார்த்தான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் தாழ்த்திக்கொள்ளக்கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை.

"அம்மா," என்றான் அவன், சின்னப் பிள்ளை மாதிரி. "நான் இன்னும் எந்திரிக்கலியேம்மா."

"துன்னு."

"வேண்டுதலு?"

"துன்னுடா. எங் கையி வலிக்குது."

அவன் வாயைத் திறக்கவில்லை. கண்ணீர் ஓரமாக வழிந்து காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கக்கூட மனசில்லாமல் கிடந்தான். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பேர் எவ்வளவோ விதமாகப் பூசி மெழுகிய சேதியை ஒரு கவளம் சோறு அவனுக்குச் சொல்லிவிட்டது. தனக்கொடி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முந்தானையால் அவன் காதைத் துடைத்தாள். இதற்குமேல் மறைக்க அவளிடம் ஒன்றுமில்லை. அதில் ஒரு நிம்மதி இருந்தது, அந்த நிம்மதி அவளுக்கே பிடிக்கவில்லை.

அங்கம்மாளின் கை கவளத்தோடு அப்படியே நின்றது. அவள் அதை இறக்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தான். மென்றான். ஒன்பது மாதத்துக்கு அப்புறம் மீன் நாக்கில் பட்டதும் உடம்பு தன்னால் கேட்டுவிட்டது. அழுகையை நிறுத்தாமலே அடுத்த வாய்க்கும் திறந்தான். தனக்கொடி சொம்பைத் தூக்கி வாயில் வைத்தாள். கடகடவென்று பாதிச் சொம்பு குடித்தான். குடித்து முடித்துத் தலையைத் திருப்பியபோது, அடுப்பருகே மூடிவைத்திருந்த இன்னொரு தட்டு அவன் கண்ணில் பட்டது. அதில் வெறும் சோறும் ரசமும்.

"அது யாருக்கும்மா?"

"எனக்கு. வூட்டுக்குன்னு சொன்னத எம்மேல மட்டும் வாங்கிக்கினு வந்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் துன்னுங்க."

"எதுக்கும்மா? அதான் நடக்கமாட்டேன்னு ஆயிடுச்சே."

"அது டாக்டரம்மா சொன்னது," என்றாள் அங்கம்மாள். "நான் ஒருத்தியாவது கேட்டுக்கினே இருக்கணும்ல."

அங்கம்மாள் அடுத்த துண்டில் முள் இருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பார்த்து, அவன் வாயருகே கொண்டுபோனாள்.